கோதுமை இல்லாத நான்கு வாரம்

உத்தமனுக்கு அம்மை போட்டிருந்த மூன்று வாரத்தில் அவன் மனைவி லோகநாயகியின் முகம் தெளிந்துவிட்டது.

அவளாக அதைக் கவனிக்கவில்லை. 1992 சித்திரை வெயில். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில், ஃபிட்டர் வேலை பார்க்கும் முப்பத்தெட்டு வயது ஆள் பச்சைப்பிள்ளை போல வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். ஒன்பது வயது மகளைப் பாரிவாக்கத்தில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, லோகநாயகி கூடவே இருந்தாள். வீட்டில் தாளிப்பு கிடையாது, சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. இரண்டு பேருக்கும் கேழ்வரகுக் கூழும் மோரும் பழைய சோறும்தான். சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சோறா என்று யோசிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்த அன்று உத்தமன் கண்ணாடி கேட்டான். தன் முகத்தில் எத்தனை தழும்பு விழுந்திருக்கிறது என்று பார்த்தான். பிறகு கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினான்.

"என் மூஞ்சி போச்சு. உன் மூஞ்சி வந்துடுச்சு பாரு."

லோகநாயகி கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். கன்னத்தைத் தடவினாள். கரடுமுரடாக எதுவும் விரலில் தட்டவில்லை. தாடையில் கருத்த தழும்புகள் இருந்தன, ஆனால் சிவப்பாக, சீழ் கட்டி, தொட்டால் வலிக்கிற பரு ஒன்றுகூட இல்லை. நான்கு வருடத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

பதினாறு வயதில் அவளுக்கு முகப்பரு வந்ததே கிடையாது. இருபத்தெட்டு வயதில் வந்தது. "இந்த வயசுல பருவா?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. குழந்தை பிறந்தால் போய்விடும் என்று சொன்னவர்களுக்குக் காட்ட மகளே இருந்தாள். சந்தனம், மஞ்சள், பூண்டு எல்லாம் அரைத்துப் போட்டாயிற்று. தோல் டாக்டர் எழுதித் தந்த மாத்திரை, சாப்பிடும்வரை கேட்டது, விட்டதும் திரும்பி வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் அவளுக்கு இலவசமாக வைத்தியம் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்க மேடைக்குக் கூப்பிட்டால் அவள் பந்தி பரிமாறப் போய்விடுவாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி என்ஜினுக்கு வால்வு ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றால் பெரிய பதவி இல்லை. ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் உருட்டி, கீறல் இருந்தால் சிவப்புத் தட்டில் போட வேண்டும். லீவு முடிந்து போன முதல் நாள், பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பஞ்சவர்ணம் அவளை வாசலிலேயே பிடித்து நிறுத்தினாள். பஞ்சவர்ணம் வானகரத்துக்காரி, அவளைவிடப் பத்து வயது பெரியவள்.

"இன்னாடி லோகு, மூஞ்சி பளபளன்னு கீது. அம்மன் உன் ஊட்டாண்ட வந்துட்டு உனக்கு இன்னாமோ குட்த்துட்டுப் பூட்டாளா?"

"அப்டித்தான் நெனச்சிகினு கீறேன்க்கா" என்றாள் லோகநாயகி. அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

பதினைந்து நாளில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. நெற்றியில் நான்கு, தாடையில் வரிசையாக ஏழு, கன்னங்களில் எண்ணவில்லை. ஆனால் இந்த முறை அவள் அழவில்லை. அவள் மனத்தில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. போனது தானாகப் போகவில்லை, வந்ததும் தானாக வரவில்லை. நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. ஒரு மெஷினில் நல்ல ஸ்பிரிங்காக வந்து திடீரென்று கீறல் ஸ்பிரிங்காக வந்தால் கம்பெனியில் எல்லோரும் அதைத்தானே கேட்பார்கள்?

கம்பெனியில் புதன்கிழமைதோறும் ஷிப்டு முடிந்து அரை மணி நேரம் தர வட்டக் கூட்டம் நடக்கும். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு குறையை எடுத்து, ஏன் வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். லோகநாயகியின் வட்டத்துக்குத் தலைவர் சூப்பர்வைசர் கங்காதரன். டிப்ளமோ படித்தவர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று கலர் பேனா. மே மாதம் மூன்றாவது புதன் அவர் ஒரு சுற்றறிக்கையைப் படித்தார்.

"இந்த வருஷம் ஒவ்வொரு வட்டமும் வீட்டுப் பிரச்சினை ஒண்ணை எடுக்கணும்னு மேனேஜ்மென்ட் சொல்லுது. நாம கத்துக்கிட்ட முறை வீட்டுக்கும் உதவும்னு காட்டணுமாம். அக்டோபர்ல போட்டி. வெளிக் கம்பெனி ஆளுங்களும் வர்றாங்க. யார்கிட்ட என்ன இருக்கு?"

தண்ணீர் மோட்டார் என்றார் ஒருவர். கரண்ட் பில் என்றார் இன்னொருவர். மெஷின் செட்டர் தேவராஜ், எங்கள் தெருவில் கொசு என்றான்.

"என் மூஞ்சிய எடுத்துக்கலாமா சார்?" என்றாள் லோகநாயகி.

 தேவராஜ் தரையைப் பார்த்தான். கங்காதரன் பேனாவை மூடினார், திறந்தார்.

"அது சொந்த விஷயம்மா. எல்லார் முன்னாலயும்..."

"நாலு வருசமா எல்லார் முன்னாலயும்தான் கீது சார்" என்றாள். "ஏப்ரல் மாசம் மூணு வாரம் சுத்தமா போச்சு. அப்பறம் வந்துச்சு. ஏன் போச்சுன்னு கண்டுபிடிச்சா ஏன் வருதுன்னு தெரிஞ்சிடும். எனக்கு அது வோணும்."

கங்காதரன் எழுந்தார். பிறகு கரும்பலகைக்குப் போய் ஒரு நீளக் கோடு இழுத்தார். ஒரு முனையில் தலை வரைந்து அதற்குள் 'பரு' என்று எழுதினார். கோட்டின் இரண்டு பக்கமும் சாய்வாக முள் போலக் கோடுகள் போட்டார். குறைக்கான காரணங்களையெல்லாம் எழுதும் மீன் முள் படம் அது. அதே வட்டத்தில் இருந்த பஞ்சவர்ணம் முதல் நாளிலிருந்து அதற்கு ஒரே கேள்விதான் வைத்திருந்தாள்.

"இது வஞ்சிரமா சங்கராவா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். லோகநாயகியும் சிரித்தாள். அதன் பிறகு பேச்சு சுலபமாக வந்தது.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார் கங்காதரன்.

"எம்பத்தெட்டுல."

"அந்த வருஷம் புதுசா என்னென்ன வந்தது, எழுது. ஏப்ரல்ல அந்த மூணு வாரம் என்னென்ன இல்ல, அதையும் எழுது. ரெண்டுலயும் எது இருக்கோ அதுதான் நம்ம ஆளு."

அவள் இரண்டு பட்டியல் எழுதினாள். எண்பத்தெட்டில்தான் அவளை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். துரு பிடிக்காமல் இருக்க எண்ணெயில் முக்கிய ஸ்பிரிங்குகளை நாள் முழுக்கத் தொடுவாள், அதே கையால் முகத்தைத் துடைப்பாள். லீவில் அந்த எண்ணெய் இல்லை. எண்பத்தெட்டில்தான் முகத்துக்குப் புதிதாக ஒரு கிரீம் வாங்கிப் பூச ஆரம்பித்தாள். அம்மை வீட்டில் கிரீம் பூசவில்லை. மூன்றாவதை எழுதும்போது அவள் கை நின்றது. எண்பத்தெட்டில்தான் உத்தமனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ராத்திரி சோற்றை நிறுத்திச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னார் டாக்டர். ஒருவனுக்குத் தனியாக எதற்கு என்று வீட்டில் எல்லோருக்குமே சப்பாத்தி ஆனது.

"எண்ணெய், கிரீம், சப்பாத்தி" என்று படித்தார் கங்காதரன். எண்ணெய் என்ற சொல்லில் அவர் குரல் தாழ்ந்தது. "லோகநாயகி, எண்ணெய்தான்னு வந்துட்டா மேலே நான் என்ன பதில் சொல்றது?"

"கையுறை குடுங்கன்னு சொல்லுங்க சார்."

 கங்காதரன் மறுநாளே தேவராஜிடம் சொல்லி, அவளை மூன்று வாரத்துக்கு எண்ணெயில் முக்குவதற்கு முந்தைய மேசைக்கு மாற்ற ஏற்பாடு செய்தார்.

முதல் வேலை எண்ணுவது. எதைப் பரு என்று எண்ணுவது, எதை விடுவது என்று சட்டம் போட்டார்கள். சிவந்திருக்க வேண்டும், அல்லது சீழ் கட்டியிருக்க வேண்டும், அல்லது தொட்டால் வலிக்க வேண்டும். பழைய தழும்பு சேராது. திங்கட்கிழமை காலை, பெண்கள் உடை மாற்றும் அறை ஜன்னலில், ஸ்பிரிங் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் எண்ணுவாள். நெற்றி, இடது கன்னம், வலது கன்னம், தாடை என்று நான்கு இடம்.

"ஆடாதடி. பதினேழு, பதினெட்டு... இது பருவா மருவா?"

"மரு."

"அப்ப தள்ளு."

எதையும் மாற்றாமல் எண்ணிய இரண்டு வாரம் இருபத்து மூன்று, இருபத்து நான்கு. எண்ணெய் இல்லாத மூன்று வாரம் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று, இருபத்து இரண்டு. கங்காதரன் பெரிதாக மூச்சு விட்டதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் பழைய மேசைக்கே திரும்பினாள். கிரீம் இல்லாத மூன்று வாரமும், தேவராஜ் தாளில் வரைந்துவந்த கோடு அசையவில்லை. கிரீம் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஜூலை பதின்மூன்றாம் தேதி ராத்திரி சப்பாத்தியை விட்டாள்.

உத்தமனுக்குத் தட்டில் மூன்று சப்பாத்தி போட்டு, தனக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என்னாலதானா?"

"இன்னும் தெரியல. மூணு வாரம் கழிச்சி சொல்றேன்."

"நாலு வருஷம் எனக்காக மாவு பெசஞ்சிருக்க."

"எல்லாருக்குந்தான பெசஞ்சேன். சாப்டுங்க, ஆறுது."

முதல் திங்கள் இருபது. அடுத்த திங்கள் பதினேழு. பஞ்சவர்ணம் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் ஒரு முறை, மறுபடி கண்ணாடியோடு ஒரு முறை எண்ணினாள். பதினேழுதான். லோகநாயகிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்கு அடுத்த திங்கள் காலை எண்ணும்வரை காத்திருக்க முடியாமல் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமாக வந்தாள். அன்றும் பதினேழு. ஒன்றுகூடக் குறையவில்லை.

அந்தப் புதன்கிழமையும் கூட்டம் கூடியது. நான்கு மணி டீயும் பன்னும் வந்தது. பன்னைப் பிட்டு டீயில் நனைத்து வாயில் வைக்கப் போனாள். எதிரில் உட்கார்ந்திருந்த தேவராஜ் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடிக்காத குறையாக நிறுத்தினான். அவன் அண்ணனுக்குப் பூந்தமல்லியில் பேக்கரி.

"அக்கா, அது எதுல பண்றதுன்னு நெனச்சிகினு கீறீங்கோ?"

"மைதாவுல."

"மைதா எதுலருந்து வருது?"

"மரவள்ளிக்கெழங்குல இருந்துதான?"

"யாரு சொன்னது? கோதுமைக்கா. தோலு, தவிடு எல்லாம் எடுத்துட்டு அரைச்சா மைதா. கொரகொரன்னு ஒடச்சா ரவை. எங்கண்ணன் கடைல மூட்டை மூட்டையா வருது, நான் பாக்காததா?"

லோகநாயகி பன்னைக் கீழே வைத்தாள். செவ்வாய், வெள்ளி கேன்டீனில் ரவா உப்புமா. தினமும் பன். வாரக் கடைசியில் மகளுக்காக வாங்கும் பிஸ்கட்டில் பாதி அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை சேமியா. சப்பாத்தியை மட்டும் விட்டுவிட்டு, அதே கோதுமையை நாலு வேஷத்தில் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அம்மை வீட்டில் இதில் ஒன்றுமே நுழையவில்லை.

"சார், பதினேழுல நின்னதுக்குக் காரணம் இதான் சார்" என்றாள். எழுந்து நின்றுகொண்டே சொன்னாள். "பாதிதான் நிறுத்தியிருக்கோம். அதான் கொஞ்சந்தான் கொறஞ்சிருக்கு."

கங்காதரன் சிவப்புப் பேனாவை எடுத்து, தாளில் வரைந்து வைத்திருந்த படத்தில் 'சப்பாத்தி' என்பதை அடித்துவிட்டு 'கோதுமை' என்று எழுதினார். அவர் கை வேகமாக ஓடியது.

அந்த வாரம் ஒரு வேட்டைபோல நடந்தது. வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வீட்டு டப்பாக்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். இதுவரை டப்பாவில் எழுதியிருப்பதை யாரும் படித்ததே இல்லை. பஞ்சவர்ணம் ஒருநாள் காலை முந்தானையில் ஒரு சின்ன மஞ்சள் டப்பாவை முடிந்துகொண்டு வந்தாள்.

"படி."

அது கூட்டுப் பெருங்காயம். பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தது. பிசின், அரிசி மாவு, கோதுமை மாவு.

"சாம்பார்ல கூட ஒளிஞ்சிகினு கீதுடி" என்றாள் பஞ்சவர்ணம். ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை அவள் குரலில் இருந்தது.

பெருங்காயமும் போயிற்று. காலையில் இட்லி அல்லது கேழ்வரகு அடை, மதியம் வீட்டிலிருந்து சோறு, மாலையில் பன்னுக்குப் பதில் வேர்க்கடலை, ராத்திரி சோறு. ஆகஸ்ட் பத்தாம் தேதி திங்கட்கிழமை பதின்மூன்று. அடுத்த வாரம் ஒன்பது. அதற்கடுத்த வாரம் ஆறு. நான்காவது திங்கள் பஞ்சவர்ணம் தாடைக்குக் கீழே எல்லாம் தேடினாள்.

"நாலு" என்றாள். "நாலேதான்டி. இன்னோரு வாட்டி எண்ணட்டா?"

"வாணாங்க்கா. இன்னோரு வாட்டி எண்ணுனா அழுதுடுவேன்."

பூதக்கண்ணாடியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சைரன் ஊதியதும் ஓடினார்கள்.

கோடு போட்ட தாளில் தேவராஜ் வரைந்த படம் மலையிலிருந்து இறங்கும் பாதைபோல இருந்தது. லோகநாயகிக்கு அதை மடித்து ரவிக்கையில் வைத்துக்கொள்ளலாம்போலத் தோன்றியது. கங்காதரன் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இது முடியலம்மா."

"இன்னா சார் முடியல?"

"வெயில் காலம் போய் மழை வந்திருக்கு. அதனால குறைஞ்சிருக்கலாம். மனசு சந்தோஷமா இருக்கு, அதனால இருக்கலாம். கோதுமைதான் காரணம்னா, அதைத் திரும்பச் சேர்த்தா திரும்ப வரணும். வருதான்னு பார்க்கணும். இல்லேன்னா நாம சொல்றது வெறும் கதை."

அதாவது மறுபடி மூன்று வாரம் கோதுமை சாப்பிட வேண்டும். படங்களைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் முப்பது. லோகநாயகியின் தம்பி வீராசாமிக்குக் கல்யாணம் செப்டம்பர் பதின்மூன்று, பூந்தமல்லியில். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவள் ஒரு கல்யாணத்தை ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் முறைக்கு மேடையில் அவள்தான் நிற்க வேண்டும், தாலி முடிச்சு அவள்தான் போட வேண்டும். வெங்காயக் கலரில் பட்டுப் புடவைகூட எடுத்தாயிற்று.

"உங்க இஷ்டம். வேண்டாம்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றார் கங்காதரன். உண்மையாகவே சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போனதும் உத்தமனிடம் சொன்னாள். அவன் உடனே வேண்டாம் என்றான்.

"கண்டுபிடிச்சாச்சு இல்ல? விட்டுத் தொலை. போட்டி கெடக்குது."

"போட்டிக்கு இல்லீங்க" என்றாள். "நாளைக்கே ஒரு பரு வந்துச்சின்னா நான் எத்த நம்புவேன்? கோதுமையா, வெயிலா, அம்மனா? எனக்குத் தெரியணும். பாதி தெரிஞ்சிகினு என்னால இருக்க முடியாது."

"கல்யாணத்துல?"

"கல்யாணத்துல நாலு பேரு கேப்பாங்க. இவ்ளோ நாளு கேக்காததா?"

உத்தமன் எழுந்து அடுக்களைக்குப் போனான். மாவு டப்பாவை எடுத்து, தானே உப்புப் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைய ஆரம்பித்தான். தண்ணீர் அதிகமாகிக் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். அவன் தேய்த்த முதல் சப்பாத்தியை அவள்தான் சாப்பிட்டாள்.

முதல் வாரம் ஆறு. நான்குக்கும் ஆறுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார் கங்காதரன். வராமலே போய்விடுமோ என்று லோகநாயகிக்குக் கவலையாகிவிட்டது. பரு வரவில்லையே என்று கவலைப்படும் ஒரே பெண் தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கேன்டீனில் ரவா உப்புமாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பத்தாம் நாள் காலை பல் துலக்கும்போது தாடையில் சுருக்கென்றது. தொட்டுப் பார்த்தாள். மூன்று. பக்கத்தில் இன்னும் இரண்டு முளைக்கத் தயாராக இருந்தன.

"வந்துடுச்சுங்க" என்று பல்பொடி வாயோடு கத்திக்கொண்டே வெளியே வந்தாள். உத்தமன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தான். அவள் தாடையைக் காட்டினாள். லாட்டரி விழுந்தவள்போல நின்ற அவளைப் பார்த்து, வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை எண்ணியபோது பதினொன்று. அதற்கடுத்த வாரம் பதினாறு. கல்யாணத்தில் எதிர்பார்த்தபடியே நாலு பேர் கேட்டார்கள். ஒரு சித்தி எலுமிச்சைச் சாறு தடவச் சொன்னாள். போட்டோக்காரர் கூப்பிட்டபோது லோகநாயகி பந்திக்குப் போகவில்லை. வெங்காயக் கலர்ப் புடவையில், தாடை நிறையப் பருவோடு, நேராகக் கேமராவைப் பார்த்து நின்றாள். மூன்று வாரம் முடிந்ததும் கோதுமையை மறுபடி நிறுத்தினாள்.

போட்டி நாள் அக்டோபர் பதினான்கு. எஸ்டேட்டில் ஒரு கூட்ட மண்டபம், இருநூறு பேர். முன்வரிசையில் மூன்று நடுவர்கள். அவர்களில் ஒருவர் கம்பெனிக்கு வாரம் இருமுறை வரும் டாக்டர் ஜானகிராமன். இவர்களுக்கு முன்னால் பேசிய வட்டம் தண்ணீர் மோட்டாரில் கரண்ட் மிச்சம் பிடித்ததைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்கியது. லோகநாயகி மேடையேறினாள். கங்காதரனும் தேவராஜும் சார்ட் தாள்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க வட்டம் எடுத்துக்கொண்ட பிரச்சினை" என்று எழுதிவைத்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.  "என் முகம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் மேடையோரத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். லோகநாயகி கையிலிருந்த தாளை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"சிரிக்கலாம் சார். நாலு வருசமா நானும் சிரிச்சி சமாளிச்சிகினுதான் இருந்தேன்" என்றாள். "இப்ப எண்ணிக்கையைப் பாருங்க."

அதன் பிறகு அவள் தாளைப் பார்க்கவில்லை. அம்மை, இரண்டு பட்டியல், எண்ணெய், கிரீம், பதினேழில் நின்ற கோடு, தேவராஜ் நிறுத்திய பன், பெருங்காய டப்பா. பெருங்காயம் என்றதும் மண்டபமே சிரித்தது, இந்த முறை வேறு மாதிரி. கோடு நான்குவரை இறங்கி, சப்பாத்தியோடு பதினாறுக்கு ஏறி, மறுபடி இறங்கி, அந்த வாரம் ஐந்தில் நிற்கும் படத்தைத் தேவராஜ் உயர்த்திப் பிடித்தபோது சிரிப்பு இல்லை. எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள்.

டாக்டர் ஜானகிராமன் எழுந்தார்.

"கோதுமையில் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கும்மா. பரோட்டா மாவை வீசறப்ப ரப்பர் மாதிரி இழுபடுதே, அதுக்கு அதுதான் காரணம். சில பேருக்கு அது குடலுக்கே ஆகாது, அது பெரிய வியாதி. ஆனா பருவுக்கும் அதுக்கும் சம்பந்தம்னு நான் படிச்ச புத்தகத்துல இல்லை. நீங்க ஒரே ஒரு ஆள். ஒரு ஆளை வெச்சு ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது."

"ஊருக்குச் சொல்லல சார். என் முகத்துக்குத்தான் சொல்றேன்."

"சரி. இன்னொரு கேள்வி. உங்க சப்பாத்தியில வனஸ்பதி இருக்கு. பன்னுல, பிஸ்கட்ல சர்க்கரை இருக்கு. அதெல்லாம் இல்லாம கோதுமைதான் காரணம்னு எப்படித் தெரியும்?"

 கங்காதரன் தொண்டையைக் கனைத்தார்.  இதை அவர்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

"தெரியாது சார்" என்றாள் லோகநாயகி.

சொன்ன அந்த நொடியில் அவளுக்குத் தோற்றுவிட்டதாகத் தோன்றவில்லை.  ஒரு கதவு தெரிந்தது, திறந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"ஆனா தெரிஞ்சிக்கலாம் சார். அதே வனஸ்பதி, அதே அளவு, கேழ்வரகு அடைல ஊத்தி மூணு வாரம் சாப்பிடறேன். வந்தா வனஸ்பதி. வரலைன்னா அது இல்ல. அப்பறம் சர்க்கரை. ஒவ்வொண்ணா பாத்துடலாம்."

 டாக்டர் கைதட்ட ஆரம்பித்தார். "முடிஞ்சதும் அந்தப் படத்தை என்கிட்ட கொண்டு வாங்க. நானும் தெரிஞ்சிக்கணும்" என்றார்.

முதல் பரிசு தண்ணீர் மோட்டாருக்குப் போயிற்று. இவர்களுக்கு இரண்டாவது. பஞ்சவர்ணத்துக்குக் கோபம். "மோட்டாருக்கு இன்னாடி தெரியும்?" என்று பஸ் ஸ்டாப்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். லோகநாயகி அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று வாரத்துக்கு எவ்வளவு கேழ்வரகு அரைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

வனஸ்பதி அடையில் கோடு ஏறவில்லை. அடுத்துச் சர்க்கரை. பன்னில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவைத் தினமும் டீயில் கூடுதலாகப் போட்டுக் குடித்தாள். ஒன்றிரண்டு ஏறியதுபோல இருந்தது, கோதுமை அளவுக்கு இல்லை. படங்களை டாக்டரிடம் கொடுத்தபோது, அவர் அவளுக்கு வயிற்றுத் தொந்தரவு உண்டா, எடை குறைகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஆகலை, அவ்வளவு நிச்சயம். ஏன்னு எனக்குத் தெரியலை" என்றார். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னது லோகநாயகிக்குப் பிடித்திருந்தது.

அதற்குள் கம்பெனியில் செய்தி பரவிவிட்டது. பேக்கிங்கில் வேம்புலியம்மாள் என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது, அவள் கன்னத்திலும் வருடக் கணக்காகப் பரு. யாரையும் கேட்காமல் தானாகவே நான்கு வாரம் கோதுமையை விட்டிருக்கிறாள். திங்கட்கிழமைதோறும் பஞ்சவர்ணத்திடம் எண்ணச் சொல்லியிருக்கிறாள். பொங்கல் லீவு முடிந்த வாரம், ஒரு சின்ன நோட்டோடு லோகநாயகியின் மேசைக்கு வந்து நின்றாள்.

"பத்தொம்பது, இருவது, பத்தொம்பது, பத்தொம்பது" என்றாள். "எனக்கு ஒண்ணும் கொறையல. பெருங்காயம்கூட விட்டேன்க்கா."

லோகநாயகிக்கு முதலில் முகம் விழுந்துவிட்டது. நோட்டை வாங்கிப் பார்த்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது. கோதுமை இவளை ஒன்றும் செய்யவில்லை. அப்படியென்றால் வேறு ஏதோ செய்கிறது. அது இன்னும் யாருக்கும் தெரியாது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு வேம்புலி. உனுக்கு எந்த வருசம் ஆரம்பிச்சுது?"

"எம்பத்தாறு இருக்கும்."

"அந்த வருசம் புதுசா இன்னா வந்துச்சி?"

வேம்புலியம்மாள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். லோகநாயகி நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, குறுக்காக ஒரு நீளக் கோடு இழுத்தாள்.